கட்டுப்படியாகும் ஊர்

மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒருத்தி தனியாக வாழ்வதற்கு எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்? முதுகலை முடித்து முதல் வேலைக்குக் கிளம்பும் மாணவிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எந்த வேலை என்று கேட்பவர்களைவிட எந்த ஊர் என்று கேட்பவர்களே இப்போது அதிகம். எங்கே போனாலும் தொடக்கச் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் என்ன மிஞ்சும் என்பதை ஊர்தான் முடிவுசெய்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது கூட்டல் கழித்தல் கணக்கு. எனக்கோ இது அறம் சார்ந்த கேள்வியாகவே படுகிறது. ஒருத்தி எங்கே வாழ்வது என்பதை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு, அந்த முடிவின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் மறைந்து கிடக்கின்றன.

கணக்கை நான் பிறந்த ஓட்டப்பிடாரத்திலிருந்தே தொடங்கலாம். அங்கே வீடு இருக்கிறது, வாடகை இல்லை. ரேஷன் அரிசி இருக்கிறது. தூத்துக்குடிக்குப் பேருந்து இருக்கிறது. தூத்துக்குடியிலோ பாளையங்கோட்டையிலோ ஓர் அறையும் அடுப்படியும் எடுத்தால் சம்பளத்தில் கால்வாசி வாடகைக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் மூன்றில் ஒரு பங்கு. சென்னையில் பாதி; அதோடு பல மாத வாடகையை அட்வான்ஸாக எடுத்து வைக்கவும் வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தால் விடை கண்முன்னே நிற்கிறது: ஊரிலேயே இரு. வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் அதைத்தான். “இங்கனயே இருந்து வேலைக்குப் போயிட்டு வந்தா என்னட்டி, காசு மிச்சந்தானே” என்பார்கள். அதே வீட்டில் பிறந்த தம்பி இதே கணக்கைப் போட்டால் அவனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “மெட்ராஸ் போனாத்தாம்ல முன்னேற முடியும்” என்று கையில் பணம் கொடுத்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுவார்கள்.

அவன் எழும்பூரில் இறங்கினால் அவனுக்கென்று ஒரு நகரம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, தெற்கிலிருந்து வேலை தேடி வந்த ஆண்களுக்குக் குறைந்த வாடகையில் ஒரு கட்டிலைத் தந்திருக்கின்றன. அருகிலேயே மெஸ், தெருமுனையில் டீக்கடை, எத்தனை மணிக்கு வந்தாலும் திறக்கும் கதவு. அந்த அறைகளிலிருந்து கதைகள் வந்தன, கவிதைகள் வந்தன, சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஆணின் வறுமையும் தனிமையும் அங்கே ‘அனுபவம்’ என்ற மரியாதையைப் பெற்றன. ‘பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகையைப் பார்க்கிறோம். அந்தப் பேச்சிலர் ஆண்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கு உள்ள பலகை ‘லேடீஸ் ஹாஸ்டல்’. அதன் கதவுக்கு நேரம் உண்டு. நேரம் தப்பினால் விளக்கக் கடிதமும் உண்டு.

ஆகவே பெண்ணின் கணக்கில், ஆணின் கணக்கில் இல்லாத சில வரிகள் இருக்கின்றன. ஊர்க்கோடியில் பாதி வாடகைக்கு வீடு கிடைத்தால் அவன் எடுத்துக்கொள்ளலாம். அவள் தெருவிளக்குக்கும், பேருந்து நிறுத்தத்துக்கும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் குளியலறைக்கும், எதிர்வீட்டில் ஆள் இருப்பதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு அவன் நடந்து வரும் தூரத்துக்கு அவள் ஆட்டோவுக்குக் கொடுக்கிறாள். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்றால் மே மாதச் சம்பளம் கிடையாது. வாடகைக்கு மட்டும் மே மாதம் உண்டு. இவ்வளவையும் கூட்டிவிட்டு வீடு கேட்டுப் போனால், முதல் கேள்வி பணத்தைப் பற்றியதாக இராது. “நீங்க மட்டுந்தானா? கூட யாரு இருப்பா?” என்பதுதான் முதல் கேள்வி. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரைக்கு வருகிறாள். கணவனோடு வந்தவளுக்கே, கவுந்தியடிகள் மாதரியிடம் எடுத்துச் சொல்லி அடைக்கலமாக ஒப்படைத்த பிறகுதான் தங்க இடம் கிடைத்தது. இன்றும் தனியாக வரும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு மட்டும் போதுவதில்லை. ஒரு கவுந்தியின் வாய்ச்சொல்லும் தேவைப்படுகிறது.

நம் பேச்சில் இதற்கெல்லாம் ஒரு சொல் இருக்கிறது: கட்டுப்படியாகும், கட்டுப்படியாகாது. கருவாடு விற்பவரும் சொல்வார், வாங்குபவரும் சொல்வார். கொடுக்கும் விலைக்கும் கிடைக்கும் பொருளுக்கும் இடையில் கணக்கு நேராக வருகிறது என்பது பொருள். இந்தச் சொல்லின் பக்கத்திலேயே இன்னொரு சொல் உட்கார்ந்திருக்கிறது: கட்டுப்படுதல். சொன்னபடி கேட்டல், அடங்கி நடத்தல். இன்னும் கொஞ்சம் தள்ளி ‘ஊர்க்கட்டுப்பாடு’ இருக்கிறது. யாரோடு பேசலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரை ஒதுக்கி வைக்கலாம் என்று ஊர் கூடி விதிப்பது. மூன்றிலும் இருப்பது ‘கட்டு’தான். சொற்கள் பக்கத்தில் இருப்பதாலேயே வாழ்க்கையிலும் அவை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இலக்கணம் சொல்லாது. ஆனால் தனித்து வாழும் பெண்ணின் அனுபவம் சொல்கிறது: பணத்தில் மலிவாக இருக்கும் இடம் பெரும்பாலும் மிச்சத்தைக் கீழ்ப்படிதலாக வசூலித்துக்கொள்கிறது. வீட்டு வாடகைக்குப் பழைய தமிழில் குடிக்கூலி என்று பெயர். அவள் இரண்டு குடிக்கூலி கொடுக்கிறாள், ஒன்று பணமாக, இன்னொன்று நடத்தையாக. ஒன்று குறையும்போது மற்றது ஏறுகிறது.

வாடகையில்லாத பிறந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். அது யாருடைய வீடு? 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பங்கு பிரிக்கச் சொல்லிப் பெண் வாரிசு கேட்க முடியாது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும். மகளுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டும் உண்டு. அதுவும் அவள் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வாழ்பவளாகவோ, கைம்பெண்ணாகவோ இருந்தால்தான். அதாவது, ஆண் துணை இல்லாதவள் என்ற இரக்கத்தில் ஒரு மூலை. அந்தப் பிரிவு 2005-இல்தான் நீக்கப்பட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்த பிறகும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அக்காமார்களும் தங்கைமார்களும் வரிசையில் நின்று தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படி எழுதிக்கொடுக்கும் தாளுக்குப் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’. தமிழில் பெண்ணுக்கு விடுதலை என்ற சொல் சட்டப்படி பதிவாகும் இடம் அது ஒன்றுதானோ என்று தோன்றும்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள் அதே வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். வாடகை கேட்க மாட்டார்கள். அம்மாவின் மாத்திரை, அண்ணன் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மதினியின் பிரசவம், கல்யாண வீட்டின் காய்கறி வெட்டு, சாவு வீட்டின் இரவுக் காவல் எல்லாம் அவள் கணக்கில் ஏறும். “அவளுக்கென்ன, தனிக்கட்டைதானே” என்ற ஒரே வாக்கியத்தில் அவளுடைய நேரம் பொதுச்சொத்தாகிவிடும். அவள் சம்பளத்துக்கும் அதே விதிதான். சாயங்காலப் பேருந்தைத் தவறவிட்டால் மறுநாள் காலை குழாயடியில் கேள்வி வரும். இவற்றையெல்லாம் காசாக மாற்றி ஒரு நாள் எழுதிப் பார்க்கும்படி மாணவிகளிடம் சொல்வதுண்டு. எழுதி முடித்தவர்கள் ஊரை ‘மலிவு’ என்று அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை.

எங்கள் ஊருக்கு உலகம் அறிந்த ஒரு மகன் உண்டு. வ.உ.சிதம்பரனார் 1872-இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். வழக்குரைஞராக இருந்தவர், 1900-இல் தூத்துக்குடிக்குப் போனார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்தது. சிறையிலிருந்து 1912-இல் வெளிவந்த பிறகு சென்னை, கோயம்புத்தூர், கோவில்பட்டி, மறுபடியும் தூத்துக்குடி என்று ஊர் மாறி மாறி, கடனோடும் வறுமையோடும் வாழ்ந்து, 1936-இல் தூத்துக்குடியில் மறைந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஊர்களின் பெயர்களாலேயே எழுதிவிடலாம். ஓர் ஆண் ஊர் மாறுவது வரலாறு ஆகிறது. கட்டுப்படியாகாமல் ஊர் மாறினாலும் அது தியாகத்தின் பகுதியாகிறது. அந்த மதிப்புக்கு அவர் முழுத் தகுதி உடையவர். நான் கேட்பது வேறு. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் அத்தனை ஊர்களிலும் ஒவ்வொரு முறையும் அடுப்பு மூட்டியிருப்பார். எந்த ஊரில் அரிசி என்ன விலை, யார் கடன் கொடுப்பார்கள், எந்த வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார் என்பதெல்லாம் அவர் அறிந்திருந்த கணக்கு. ஊரைத் தேர்ந்தெடுத்தவரின் பெயர் துறைமுகத்துக்கு இருக்கிறது. ஊரைக் கட்டுப்படியாக்கியவரின் கணக்குப் புத்தகம் நம்மிடம் இல்லை.

பெண்ணுக்கு நம் மொழி இரண்டு ஊர்களைத்தான் தந்திருக்கிறது: பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர். இரண்டையும் அவள் தேர்ந்தெடுப்பதில்லை. மூன்றாவதாக ஓர் ஊரைத் தானே தேர்ந்துகொண்ட பெண்ணை நம் இலக்கியத்தில் தேடினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் காரைக்கால் அம்மையார். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதையில் புனிதவதியின் கணவன் பரமதத்தன் அவளைக் கண்டு அஞ்சிக் கப்பலேறிப் போகிறான். திரும்பி வரும்போது காரைக்காலுக்கு வராமல் பாண்டி நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் இறங்கி, வேறொருத்தியை மணந்து, வணிகம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்து நிம்மதியாக வாழ்கிறான். எங்கள் கடற்கரையை ஒட்டிய கதை என்பதால் மட்டுமல்ல, ஊர் மாறுவது அவனுக்கு அவ்வளவு எளிதாக இருந்தது என்பதாலும் இந்தப் பகுதியை நான் மறுபடி மறுபடி படிக்கிறேன். புனிதவதியும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். அது திருவாலங்காட்டுச் சுடுகாடு. அங்கே போவதற்கு முன் உடம்பின் தசையை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற வேண்டியிருந்தது. பக்தர்கள் இதில் அருளைக் காண்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. கூடவே ஒன்றையும் காண்கிறேன். கணவனின்றித் தனியாக ஒரு பெண் வாழும் இடம் என்று அந்தச் சமூகத்தால் கற்பனை செய்ய முடிந்தது, வாடகை கேட்க ஆளில்லாத சுடுகாட்டைத்தான். கேட்ட விலை அவளுடைய உடம்பு.

அது பழங்கதை என்றால் அண்மைக் கதைக்கு வருவோம். 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் திருப்பூர், கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பல, தென்மாவட்டங்களின் ஏழை வீடுகளிலிருந்து பதின்ம வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்தன. தங்குமிடம் ஆலை வளாகத்துக்குள்ளேயே, சாப்பாடும் அங்கேயே. மூன்றாண்டு முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. அதனால் அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். வாடகை, சாப்பாடு, போக்குவரத்து என்று எதிலும் செலவு வைக்காத ஏற்பாடு. ஆனால் கடைத்தெருவுக்குப் போக அனுமதி வேண்டும், வீட்டாரோடு தொலைபேசியில் பேச நேரம் உண்டு, வெளிச்சுவருக்கு அப்பால் இருக்கும் ஊரின் பெயரைத் தவிர அந்த ஊரைப் பற்றி எதுவும் தெரியாது. மூன்று வருடம் ஓர் ஊரில் இருந்துவிட்டு அந்த ஊரைப் பார்க்காமலேயே திரும்பிய பெண்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். கட்டுப்படியாவதும் கட்டுப்படுவதும் ஒரே கட்டடத்துக்குள் குடியிருந்தன என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று எனக்குத் தெரியாது.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் செல்போன் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சம்பள உயர்வு கேட்டு நடந்த மறியல் அல்ல அது. நாங்கள் தூங்கும் இடமும் தின்னும் சோறும் எங்கள் வாழ்க்கை இல்லையா என்று கேட்ட மறியல். 2024 ஆகஸ்டில் அதே வட்டாரத்தில், வல்லம் வடகாலில், 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி வளாகத்தை அரசு திறந்தது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கும் இடம் கட்டுப்படியாவது தனி ஒருத்தியின் சாமர்த்தியம் என்றுதான் நமக்குச் சொல்லித்தரப்படுகிறது: பார்த்துச் செலவு செய், மூன்று பேராகச் சேர்ந்து எடு, மெஸ்ஸை விட்டுவிட்டுச் சமைத்துக்கொள். அந்தப் பெண்களோ அதைச் சாலையில் பேச வேண்டிய பொதுக் கேள்வியாக மாற்றினார்கள்.

அப்படியானால் பெருநகரம்தான் விடையா? பெருநகரத்தின் பெயரற்ற தன்மை பெண்ணுக்குப் பெரிய கொடை. எந்தக் கடையில் என்ன வாங்கினாள் என்று ஊருக்குச் செய்தி போகாத ஒரு தெருவில் நடப்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்பதை அப்படி நடந்தவர்களே அறிவார்கள். ஆனால் அந்தக் கொடை எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் “நீங்க என்ன ஆளுக?” என்று நேராகக் கேட்பதை, அங்கே “நீங்க வெஜிடேரியனா?” என்று சுற்றிக் கேட்கிறார்கள். தலித் பெண்ணும் இஸ்லாமியப் பெண்ணும் ஒரே சம்பளத்தில் அதிகத் தெருக்கள் அலைய வேண்டியிருக்கிறது. கிடைக்கும் வீட்டுக்கு அதிக வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. திருநங்கைகளிடம் கேட்டால் வாடகை என்ற சொல்லுக்கே வேறு அகராதி வைத்திருப்பார்கள். நம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, இந்தியாவின் எந்தப் பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை ஒவ்வொரு குடிமகளுக்கும் தருகிறது. அந்த உரிமைக்கும் ஒரு வீட்டின் நிலைப்படிக்கும் இடையில் வீட்டுக்காரரின் கேள்வி நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். ஊர் வெறும் வேவு பார்க்கும் கண்ணா? காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொண்டுவருவது அதே குழாயடிக் கண்தானே? உண்மைதான். பெருநகரத்தின் பெயரற்ற தெருவில் மூன்று நாள் கதவு திறக்காவிட்டாலும் யாரும் தட்ட மாட்டார்கள். கட்டு என்பது விலங்கு மட்டுமல்ல. காயத்துக்குப் போடுவதும் கட்டுதான், வீட்டைக் கட்டுவதும் கட்டுதான். எந்தப் பிணைப்பும் இல்லாத வாழ்க்கையை விடுதலை என்று நான் மாணவிகளுக்குச் சொல்வதில்லை. நான் பிரித்துப் பார்ப்பது இதை: கஞ்சி கொண்டுவந்தவளுக்கு நாளை நானும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால் அது உறவு. கஞ்சி கொடுத்த காரணத்தால் நான் யாரோடு பேசுகிறேன் என்று கேட்கும் உரிமையும் சேர்ந்து வருமென்றால் அது வாடகை. திருப்பிச் செலுத்த முடிகிற கடனில் மனிதர் சமமாக இருக்கலாம். ஆயுளுக்கும் தீராத நன்றிக்கடனில் சமமாக இருக்க முடியாது.

இன்னொரு கேள்வி என்னை உறுத்துவது. என்னுடைய சுதந்திரம் எனக்குக் கட்டுப்படியாக வேண்டுமென்றால் அது யாருக்குக் கட்டுப்படியாகாமல் போகிறது? வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல், பெண் எழுதுவதற்குத் தனக்கென ஓர் அறையும் வருமானமும் வேண்டும் என்று எழுதினார். பெண்ணியம் படிக்கும் எல்லோருக்கும் அது தெரியும். அந்தக் கட்டுரையில் கதைசொல்லிக்கு ஆண்டுக்கு 500 பவுன் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோன ஓர் அத்தை விட்டுச்சென்ற பணம் அது. பேரரசு ஆண்ட ஊரின் நிழல் அந்த அறையின் வாடகையில் விழுந்திருக்கிறது. இதனால் வுல்ஃப் சொன்னது பொய்யாகிவிடாது. நம் அறைகளுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். நான் பாளையங்கோட்டையில் தனியாக இருந்து எழுத முடிவதற்கு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணின் குறைந்த கூலி காரணம். சனிக்கிழமை மட்டும் வந்துபோகும் மகளைச் சகித்துக்கொண்டு ஓட்டப்பிடாரத்தில் தனியாக இருக்கும் அம்மாவும் காரணம். இவர்களை மறைத்துவிட்டு என் வாடகைச் சீட்டை மட்டும் காட்டினால் கணக்கு முழுமையாகாது.

எங்கள் தாலுகாவில் புதியம்புத்தூர் என்ற ஊர் ரெடிமேட் ஆடைத் தையலுக்குப் பெயர் பெற்றது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் தெருவெல்லாம் தையல் இயந்திரச் சத்தம். கணவனைப் பிரிந்த ஒரு தையல்காரப் பெண் அங்கே இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திருப்பூருக்குப் போனால் கூலி கூடுதல் என்று அவளுக்கும் தெரியும். அங்கே லைன் வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளி மாற்றம், ரேஷன் அட்டை மாற்றம் என்று கழித்துப் பார்த்தால் கூடுதல் கூலி கரைந்துவிடும் என்றும் தெரியும். அவள் புதியம்புத்தூரிலேயே இருப்பது பழைமைக்கு அடங்கியதால் அல்ல. அவளுடைய கணக்கு அவளுக்கு நன்றாகத் தெரிந்ததால். பெருநகரத்துக்குப் போனவள் துணிந்தவள், ஊரில் இருப்பவள் பயந்தவள் என்று வகுக்கும் பெண்ணியம் இவளுக்குப் பயன்படாது. அவளுக்கு வேண்டியது, போவதும் இருப்பதும் இரண்டும் அவளுக்குக் கட்டுப்படியாகும் நிலை.

அந்த நிலையைத் தனியொருத்தி உண்டாக்கிக்கொள்ள முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமாகாத, பிரிந்த, மணமுறிவு பெற்ற, கணவனை இழந்த பெண்கள் சேர்ந்து ஏறக்குறைய 7.14 கோடிப் பேர். பத்தாண்டுக்கு முன் அது 5.12 கோடி. இவ்வளவு பேரை விதிவிலக்கு என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, பலருக்கு ஊரின் எல்லையே தள்ளிப்போனது. வேலை இருக்கும் இடத்துக்கும் வாடகை குறைந்த இடத்துக்கும் இடையே இருந்த தூரம் குறைந்தது. 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் விதிகளில், மணமாகாத தனித்த பெண்ணும் கைம்பெண்ணும் திருநங்கையும் குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார்கள் என்று எழுதியிருக்கிறது. ஒருத்தி மட்டும் இருந்தாலும் அது குடும்பம்தான் என்று அரசின் தாள் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியல்ல. வேலை பார்க்கும் பெண்களுக்கான தோழி விடுதிகள் சில நகரங்களில் வந்திருக்கின்றன. மறுபக்கம், மணமாகாத ஏழைப் பெண்ணுக்கான ஓய்வூதியம் 50 வயதுக்கு மேல்தான். அதுவரை அவளுடைய தனிமையைத் தற்காலிகம் என்று அரசும் நம்பிக்கொண்டிருக்கிறது போலும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. தனியாக இருக்கிறாய் என்பதற்காக வீடு மறுக்கக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டியவற்றுள் அது முதலாவது.

கேள்வியோடு வரும் மாணவிகளுக்கு நான் ஊரின் பெயரைச் சொல்வதில்லை; கணக்கில் சேர்க்க வேண்டிய வரிகளைச் சொல்கிறேன். அந்த ஊரில் இரவு ஒன்பது மணிக்கு நடந்து வீடு திரும்ப முடியுமா? வீட்டுக்காரர் வாடகைக்கு அப்பால் எதைக் கேட்கப்போகிறார்? உன் வருகையைப் பற்றிக் கேள்வி கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட வரும் இரண்டு பேரை அங்கே சம்பாதிக்க முடியுமா? நீ விட்டுப் போகும் வேலையை வீட்டில் யார் செய்வார்கள், அண்ணனிடமும் அதில் பாதியைக் கேட்டாயா? நீ அமர்த்தும் பெண்ணுக்கு நீ கொடுக்கும் கூலியில் அவளும் அந்த ஊரில் வாழ முடியுமா? இவற்றையெல்லாம் எழுதிக் கூட்டிய பிறகு விடை சென்னையாக வரலாம், கோயம்புத்தூராக வரலாம். ஓட்டப்பிடாரமாகவும் வரலாம். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்து, தன் பங்கான இரண்டு அறைக்குத் தன் பெயரில் பட்டா வாங்கி, தனிக் கதவும் தனி மின் இணைப்பும் வைத்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டவளும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தவள்தான்.